இறங்க வில்லை

வெள்ளிக்கிழமை காலை ஏழேகால் மணிக்கு என் மகன் எங்கள் வீட்டுக் கிணற்றில் விழுந்தான். அவன் உயிரோடு இருக்கிறான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேட்கிறவர்களைக் கடைசிவரை பதற வைத்துவிட்டு அப்புறம் சொல்லும் வழக்கம் சிலருக்கு உண்டு. அந்த வேதனையை ஒரு முற்பகல் முழுவதும் அனுபவித்தவள் நான். இன்னொருவருக்கு அதைக் கொடுக்க மாட்டேன்.

'விழுந்தான்' என்று எழுதுகிறேன். பக்கத்து வீட்டுக்காரி 'எறங்கினாரு' என்கிறாள். இரண்டும் உண்மைதான். கிணற்றின் உட்சுவரில் கால் வைப்பதற்கு நீட்டிக்கொண்டிருக்கும் கற்களில் மேல் பாதி உறுதியாக இருந்தது. அதுவரை அவன் இறங்கினான். அடுத்த கல் அவனோடு பெயர்ந்து வந்துவிட்டது. அங்கிருந்து விழுந்தான். சாதாரணமாக ஒரு தாய்க்கு இந்த வித்தியாசம் பெரிதல்ல. அன்றைக்கு மட்டும் அதுதான் பெரிதாக இருந்தது.

எங்கள் கிணற்றுத் தண்ணீரில் உப்பில்லை. சாயமேற்றிய பட்டுநூலை அதில் அலசினால் தனி மினுக்கம் வரும் என்று தெருவிலுள்ள நெசவுக் குடும்பங்கள் நம்பின. அந்தத் தண்ணீருக்காக எங்கள் கிறிஸ்தவ வேதத்தைப் பொறுத்துக்கொண்டார்கள். அன்று காலை பக்கத்து வீட்டுக்காரி அரக்குச் சிவப்பில் தோய்த்த ஒரு பட்டுநூல் சிட்டத்தைக் கொண்டுவந்து அலசி, நீர் வடியட்டும் என்று கிணற்றுக்கு மேலுள்ள குறுக்குக் கட்டையில் போட்டாள். ஒரு காகம் வந்து அதன் பக்கத்தில் உட்கார்ந்தது. அவள் கையை வீசினாள். காகம் போயிற்று. சிட்டமும் போயிற்று.

கிணற்றில் குடம் விழுந்தால் பாதாளக் கரண்டியைப் போட்டுத் துழாவி எடுப்போம். பட்டுக்கு அது ஆகாது, கொக்கிகள் நூலைப் பிய்த்துவிடும் என்று அவள் அழுதாள். கல்யாணப் புடவைக்கான நூல். என் மகன் சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்தான். "வேண்டாம்" என்றேன். அவன் பிறந்ததிலிருந்து அவனிடம் நான் அதிகம் சொன்ன வார்த்தை அதுதான். ஆகையால் அதற்கு மதிப்பில்லாமல் போயிருந்தது.

அவனுக்கு இருபத்திரண்டு வயது. போளூர் தாலுகா கச்சேரியில் குமாஸ்தா உத்தியோகம் கிடைத்திருந்தது. திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். அவன் பேரில் எங்கும் எந்தப் பிராதும் இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. எங்களைப் போன்ற குடும்பத்துக்கு அப்படி ஓர் உத்தியோகம் இரண்டாம் தடவை வராது. அவனுடைய தகப்பனார் உபதேசியார். வெம்பாக்கம் பக்கத்துக் கிராமங்களுக்கு ஊழியத்துக்குப் போயிருந்தார். நான் பெண்கள் பள்ளிக்கூடத்தில் வாசிப்பும் எழுத்தும் கற்றுக்கொடுக்கிறேன். கிணற்றில் விழுந்த மகனை வெளியே எடுப்பது எப்படி என்று என்னிடம் உள்ள புத்தகம் எதிலும் இல்லை.

தண்ணீர் சிதறிய சத்தம் அடங்கிய பிறகு கீழேயிருந்து குரல் வந்தது.

"அம்மா, ஒண்ணும் ஒடியல. மார்பளவு தண்ணிதான். நிக்க முடியுது."

"பட்டு கெடச்சுதாப்பா?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள்.

"கழுத்துல போட்டுக்கினு நிக்கறேன் அத்தே."

"கல்லுல உரசிடாத. சிலும்பிப் போயிடும்."

கீழ்ப்பாதியில் கால் வைக்க உறுதியான கல் இல்லை. எங்கள் தாம்புக் கயிறோ குடத்தையே முனகிக்கொண்டு தூக்குவது. அவள் ஓடிப்போய்த் தறியில் உட்கார்ந்திருந்த புருஷனையும் ஒரு புதுக் கயிற்றையும் கூட்டிவந்தாள். அவர் கயிற்றில் சுருக்குப் போட்டுக் கீழே விட்டார். நாங்கள் மூவரும் பிடித்து இழுக்கப் போனோம். அந்த நேரத்தில்தான் எங்கள் கூச்சலைக் கேட்டுச் சுகாதாரக் கமிட்டியின் சேவகன் உள்ளே வந்தான்.

"வாத்தியாரம்மா, கயித்தக் கீழ வைங்க. இவருக்கு வில்லை கீதா?"

வில்லை என்றால் சேவகர்கள் மார்பில் குறுக்கு வாரோடு தொங்குமே, அந்தப் பித்தளைத் தகடு. முந்தின வருஷம் ஊரில் வாந்திபேதி வந்து போனபின் கமிட்டியார் ஒரு சட்டம் போட்டார்கள். கிணற்றிலோ, சாக்கடை ஓடும் ஜலதாரையிலோ வேலை செய்கிறவன் லைசென்ஸ் வாங்க வேண்டும். அதன் அடையாளமாக வில்லை அணிய வேண்டும். குடிக்கிற தண்ணீருக்கு வட்ட வில்லை, கழிவுநீருக்குச் சதுர வில்லை. வட்டம் வைத்திருப்பவன் சதுர வேலையைத் தொடக் கூடாது. வில்லை கேட்பவனுக்குத் தன் பெயரைக் கையெழுத்துப் போடத் தெரிய வேண்டும். மூச்சு நன்றாக இருக்கிறதென்று வைத்தியர் எழுதிக் கொடுக்க வேண்டும். சொந்தமாகக் கயிறும் ஏணியும் விளக்கும் வேண்டும். நிலபுலன் உள்ள இரண்டு பேர் ஜாமீன் நிற்க வேண்டும்.

கிணறுகளில் இறங்கித் தூர் வாரிப் பழகியவர்களுக்குக் கையெழுத்துத் தெரியாது. கையெழுத்துத் தெரிந்தவர்கள் கிணற்றில் இறங்கமாட்டார்கள். தவிர, கிணற்றுக்குள் போகிறவனை நம்பி ஜாமீன் நிற்க நிலபுலன் உள்ள எவரும் துணியவில்லை. கடைசியில் சதுர வில்லையை ஒருவரும் வாங்கவில்லை. தொடுவதற்கு உரிமையுள்ள ஆள் இல்லாததால் ஊரின் ஜலதாரைகள் எல்லாம் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு அடைத்துக்கொண்டு கிடந்தன. வட்ட வில்லையை ஒரே ஒருவர் வாங்கினார். கடைத்தெருவில் எண்ணெய் மண்டி வைத்திருக்கிறவர். அவருக்குக் கையெழுத்து அழகாக வரும். ஜாமீன் நிற்க மைத்துனர்கள் இருந்தார்கள். அவருடைய தேகம் எங்கள் கிணற்றின் வாய்க்குள் நுழையுமா என்பதை மட்டும் யாரும் விசாரிக்கவில்லை. கல்யாணங்களுக்குப் போகும்போது வில்லையைத் துலக்கிப் போட்டுக்கொண்டு போவார்.

இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். ஒரு கிணற்றின் விளிம்பில், அதற்குள் என் பிள்ளை இருக்கையில், இதெல்லாம் எனக்கு ஞாபகம் வரவேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"சட்டம் எறங்கறதுக்குத்தானே? ஏறறதுக்கு இல்லையே" என்று என் மகன் கீழேயிருந்து கத்தினான். அவன் சட்டதிட்டங்களைப் படித்துப் பரீட்சை எழுதியவன்.

சேவகன் யோசித்தான். "எறங்காதவரு எப்பிடிங்க ஏறுவாரு?" என்றான். "ஏறிட்டீங்கன்னா எறங்கினது ருசுவாயிடும். நான் பேர எழுதிகினு போயாவணும்."

"எழுதாமலிருந்தால் என்ன?" என்று கேட்டேன்.

"போன மாசம் சும்மா உட்டதுக்கு எனக்குச் சம்பளம் புடிச்சிட்டாங்கம்மா. எனக்கும் பொண்ணுங்க கீது." அவன் முகத்தில் கெடுதல் எதுவும் இல்லை. என்னைப் போலவே அவனும் பயந்திருந்தான். அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. கெட்டவன் என்றால் திட்டியாவது இருப்பேன். "வட்ட வில்லைக்காரர் வந்து நின்னார்னா எல்லாம் செரியாயிடும். அவரு படவேட்டுக்கு மொட்டை போடப் போயிகீறாரு. இன்னிக்கு வந்துடுவாருன்னு சொன்னாங்க."

நெசவுக்காரர் எண்ணெய் மண்டிக்கு ஓடிப்போய்ச் சொல்லிவிட்டு வந்தார். வண்டி இன்னும் வரவில்லையாம். வந்ததும் அனுப்பி வைக்கிறார்களாம். சுருக்குப் போட்ட கயிறு கிணற்றுக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் ஒரு முனை என் மகன் கையில். மறுமுனை என் கையில். நடுவில் சட்டம்.

காலையில் அவன் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது நினைவுக்கு வந்தது. ஒரு தூக்குச் சட்டியில் கஞ்சியை ஊற்றி வாளிக்குள் வைத்தேன். சேவகன் கையை நீட்டித் தடுத்தான்.

"தண்ணி மொள்ள வாளி உடலாங்க. அதுக்கு வில்லை வேணாம். கஞ்சி எறக்கறது தண்ணி மொள்ளறதுல சேருமா, எனக்குத் தெரியலையே."

"வாளி திரும்ப வரும்போது தண்ணீரோடு வந்தால்?"

அதில் அவனுக்கு ஆட்சேபம் இல்லை. கஞ்சி இறங்கியது. என் மகன் குடித்துவிட்டு, சட்டம் கெடாமல் இருக்க வாளி நிறையத் தண்ணீர் மொண்டு அனுப்பினான். மேலே வந்த தண்ணீர் சிவப்பாக இருந்தது.

நான் வாளிக்கு முன்னால் மண்டியிட்டுக் குனிந்து பார்த்தேன். எலும்பு ஒடியவில்லை என்று சொன்னானே, தோல் கிழிந்ததென்று சொன்னானா? எவ்வளவு ரத்தம் போனால் ஒரு வாளித் தண்ணீர் இப்படி ஆகும்? பக்கத்து வீட்டுக்காரியும் அந்த வாளியைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ அக்கா, சாயம் போவுதே" என்றாள்.

சாயம். ரத்தமில்லை. நான் முழங்காலில் இருந்தபடியே கர்த்தருக்கு நன்றி சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் சேவகன் வாளியை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"சாயத் தண்ணிங்கறாங்களே. சாயத் தண்ணின்னா கெட்ட தண்ணி. கெட்ட தண்ணி நின்னா அது ஜலதாரைக் கணக்கு. வட்ட வில்லை செல்லாது. சதுரம் வேணும்."

"சதுரம் யாரிடமும் இல்லையே."

"அதாங்க பேஜாரு."

சதுர வில்லைக்கு ஓர் ஆள் முளைத்து, அவன் கையெழுத்துக் கற்றுக்கொண்டு, ஜாமீன் தேடி, மூச்சு நன்றாக இருக்கிறதென்று வைத்தியரிடம் எழுதி வாங்கி வரும்வரை என் மகன் கிணற்றில் நிற்பதை நான் கண்ணால் கண்டேன். அவனுக்குத் தாடி நரைத்திருந்தது.

"இது நல்ல தண்ணிதான்" என்று அவன் கீழேயிருந்து சொன்னான். "பாத்துக்கோங்க, குடிக்கறேன்." நாங்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தோம். இரண்டு கையாலும் மொண்டு குடித்தான். சேவகன் திருப்தி அடைந்து, கிணறு கிணறுதான் என்று ஒப்புக்கொண்டான். பட்டுச் சாயத்தைக் குடித்தால் வயிற்றுக்கு என்ன ஆகும் என்று நெசவுக்காரரிடம் மெல்லக் கேட்டேன். "தெரியலிங்க, எங்கள்ல யாரும் குடிச்சதில்ல" என்றார்.

வெயில் ஏறியது. கிணற்றுக்குள் ஏறவில்லை. என் மகனின் பேச்சில் பல் கிட்டுவது கேட்கத் தொடங்கியது. அப்போது சேவகனே ஒரு வழி சொன்னான். இறங்கினால்தான் குற்றம், தவறி விழுவது குற்றமல்ல. பெற்றவள் கைப்பட அப்படி எழுதிக் கொடுத்தால் அவன் அதைக் கமிட்டியில் காட்டிவிட்டுத் தப்பித்துக்கொள்வான். கயிற்றை நாங்கள் இழுக்கலாம், பிராதும் வராது. அவனை அந்த நிமிஷம் நான் ஆசீர்வதித்தேன். உள்ளே போய்க் காகிதமும் பேனாவும் கொண்டுவந்தேன். பொய் எழுதவும் எனக்கு மனம் வரவில்லை. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதினேன். *என் மகன் பாதிக்கு மேல் கிணற்றில் இறங்கவில்லை. விழுந்தான்.*

சேவகனுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். காகிதத்தைத் தூரமாகப் பிடித்துக்கொண்டு படித்தான்.

"என்... மகன். பாதிக்கு... மேல். கிணற்றில்... இறங்க." அங்கே மூச்சு வாங்கினான். "வில்லை." நிறுத்தினான். என்னை நிமிர்ந்து பார்த்தான். "எறங்க வில்லை கீதா? இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே. காட்டுங்க."

"வில்லை இல்லை. அவன் இறங்கவில்லை."

"அதானே எழுதிகீறீங்க. எறங்க வில்லை."

"அது வேறு வில்லை."

"வட்டமா சதுரமா?"

"இரண்டுமில்லை. அது இல்லை என்று அர்த்தம்."

"வில்லைன்னு எழுதிக் குடுத்துட்டு இல்லைன்னு சொல்றீங்களே, வாத்தியாரம்மா. இல்லாத வில்லைய இருக்குதுன்னு எழுதறது வேற கேஸுங்க. அதுவும் பாதிக்கு மேல எறங்கறதுக்குத் தனி வில்லைன்னு போட்டுகீறீங்க. அப்பிடி ஒண்ணு குடுக்கறதா எனக்கு யாரும் சொல்லலையே."

அவன்மேல் தப்பில்லை. எங்கள் தெருவில் யாரும் வாயைத் திறந்து 'இறங்கவில்லை' என்று சொல்வது கிடையாது. 'எறங்கல' என்பார்கள். நானும் வீட்டில் அப்படித்தான் சொல்வேன். அவன் காதுக்கு வில்லை என்றால் மார்பில் தொங்கும் பித்தளை ஒன்றுதான். இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்கு எழுத்தைச் சேர்த்து எழுதவும் பிரித்துப் படிக்கவும் கற்றுக்கொடுத்தவள் அந்த ஒரு வார்த்தையைச் சேர்த்து நிறுத்த முடியாமல் நின்றேன்.

"அக்கா, பேசற மாதிரியே எழுதிடுங்களேன்" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

எழுதினேன். என்னிடம் படிக்கிற பெண் ஒருத்தி அப்படி எழுதியிருந்தால் பலகையை அழித்துவிட்டு முதலிலிருந்து எழுதச் சொல்லியிருப்பேன். *என் மவன் பாதிக்கு மேல எறங்கல.*

"எறங்க... ல." சேவகன் காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தான். "மிச்சம் எங்க? எறங்கலாம்னு எழுத வந்து நிறுத்திட்டீங்களா? பாதிக்கு மேல எறங்கலாம்னு உத்தரவு குடுக்கறதுக்கு உங்களுக்கு அதிகாரம் கீதாங்க?"

நெசவுக்காரர் இதுவரை அதிகம் பேசாதவர். அவருக்குத் தறி வேலை காத்திருந்தது. "எதுக்கு எழுத்து?" என்றார். "எத்தினி மொழம் எறங்கினாரு, எத்தினி மொழம் உழுந்தாருன்னு கயித்த உட்டு அளந்துடலாம். நாங்க அளந்து அளந்து பொழைக்கறவங்கதானே."

"கெணறு அளக்கறது கெணத்து வேலைங்க" என்றான் சேவகன் வருத்தத்தோடு. "அதுக்கும் வில்லை வேணும்."

நான் கிணற்றுக்குள் பார்த்தேன். என் மகன் பதில் பேசுவதை நிறுத்தி வெகு நேரம் ஆகியிருந்தது. சுவரில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, கழுத்தில் சிவப்புச் சிட்டத்தோடு நின்றான். யாரோ மாலை போட்டு மறந்துவிட்டுப் போன மாதிரி இருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். மெதுவாகத்தான் தலையைத் தூக்கினான். உதடு நீலமாக இருந்தது.

அதற்குமேல் எனக்கு உத்தியோகமும் இல்லை, போளூரும் இல்லை. "சுருக்கைக் கக்கத்துக்குக் கீழே போட்டுக்கோ" என்றேன்.

"வேணாம்மா. திங்கக்கெழமை..."

"போட்டுக்கோ."

"வண்டி வந்துடும்மா. நான் நிப்பேன்."

கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டேன். நெசவுக்காரர் என் பின்னால் வந்து பிடித்தார். அவர் மனைவி அவருக்குப் பின்னால். சேவகன் தடுக்கவில்லை. அவன் கிணற்றின் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து, மடியிலிருந்து பென்சிலை எடுத்து, அதன் முனையை நாக்கில் தொட்டுக்கொண்டு, "இழுங்கம்மா, நான் உங்கள ஒண்ணும் சொல்லல. ஆனா எழுதிடுவேன். உங்க நாலு பேர் பேரும் எழுதிடுவேன்" என்றான். அவன் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. முதல் எழுத்தைப் போட்டுவிட்டான். என் மகனின் பெயருடைய முதல் எழுத்து. அதைப் பார்த்ததும் என் கை ஒரு கணம் நின்றுவிட்டது.

வாசலில் மாட்டு மணிச் சத்தம் கேட்டது. எண்ணெய் மண்டிக்காரர் வண்டியிலிருந்து இறங்க இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியிருந்தது. மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்திருந்தது. மார்பில் வட்ட வில்லை. வெயிலுக்குக் குடை. வீட்டைச் சுற்றிக்கொண்டு கிணற்றடிக்கு வந்தார். என்னைப் பார்த்தார்; கயிற்றைப் பார்த்தார்; குடையைப் பின்னால் சாய்த்துவிட்டுக் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார். உடனே கண்ணை மூடிக்கொண்டு இரண்டடி பின்னுக்கு வந்து சுவரைப் பிடித்துக்கொண்டார். ஆழத்தைப் பார்த்தால் அவருக்குத் தலை சுற்றுமாம். கண்ணை மூடியபடியே "இன்னாடா இது?" என்று கேட்டார்.

சேவகன் ஒன்றுவிடாமல் சொன்னான். காகம், சிட்டம், கல், பாதி இறங்கியது, பாதி விழுந்தது, கஞ்சி, சாயம், என் இரண்டு காகிதங்கள். போளூர் உத்தியோகத்தை நான் சொன்னேன். சொல்லும்போது கயிற்றை விடவில்லை. அவர் கண்ணைத் திறந்தார். பிறகு சேவகனைப் பார்த்து, "இந்த ஊர்ல கெணத்துக்குள்ள எறங்க யாருக்குடா வில்லை கீது?" என்று கேட்டார்.

"உங்களுக்குத்தாங்க. உங்க ஒருத்தருக்குத்தான்."

"அப்ப இந்தக் கெணத்துக்குள்ள ஒரு ஆள் நின்னுகினு கீறான்னா, அது யாரு?"

சேவகன் பென்சிலோடு அவரையும் கிணற்றையும் மாறி மாறிப் பார்த்தான்.

அவர் வில்லையைக் கையில் எடுத்து அவன் முகத்துக்கு நேராகக் காட்டினார்.

"நான்தான்டா. அந்தப் பேர அடிச்சிட்டு என் பேர எழுதிக்கோ. எல்லாருமா சேந்து ஜல்தி என்னை மேல தூக்குங்க, எனக்குக் குளுருது."